மூடியபின் நிரப்புதல்

சமுதாயக் கல்லூரியில் எலக்ட்ரோ மெக்கானிக்கல் படிக்கச் சேர்ந்தபோது சித்தப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. மின்சாரத்தோடு அவருக்கு அதுவரை இருந்த உறவு மிக எளிமையானது. ஸ்விட்சைப் போடுவார், எரியாவிட்டால் மனைவியைக் கூப்பிடுவார். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புவதற்கு முன்னால்கூடக் கையை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துக்கொள்கிற ஜாக்கிரதைக்காரர்.

சித்தப்பா என்பது உறவுமுறை அல்ல. வகுப்பிலிருந்த இருபது வயதுப் பிள்ளைகள் முதல் நாளே சூட்டிய பெயர். தாத்தா என்று கூப்பிடாமல் விட்டார்களே என்று அவரும் அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டார்.

இருபது வருடம் திரைச்சீலைக் கடையில் விற்பனையாளராக இருந்தவர் அவர். ஜன்னலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை மீட்டர் துணி பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். ஜனங்கள் போனிலேயே திரைச்சீலை வாங்கக் கற்றுக்கொண்டதும் முதலாளி கடைக்கே திரை போட்டுவிட்டார். வீட்டில் மனைவியின் தையல் மெஷின் மட்டும் ஓடியது. அப்போதுதான் மனைவியின் தம்பி ஒரு யோசனையோடு வந்தான். அவன் தண்ணீர் பாட்டில் தயாரிக்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

“அத்தான், எங்க பிளான்ட்ல மெயின்டனன்ஸ் ஆளு ஒருத்தர் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகறாரு. நான் சொன்னா உங்கள எடுத்துப்பாங்க. ஆனா சர்டிபிகேட் வேணும்.”

“எனக்கு ஒயர்னாலே பயம்டா.”

“வேலை தெரியலேன்னா பரவால்ல அத்தான், நாங்க சொல்லிக் குடுத்துப்போம். சர்டிபிகேட்தான் எங்களால சொல்லிக் குடுக்க முடியாது.”

இப்படித்தான் சித்தப்பா மறுபடியும் மாணவரானார். மனைவி அவருக்கு நீல நிறத்தில் ஒரு சீருடை தைத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, தாம் ஏதோ ஒன்றைப் பழுதுபார்த்துவிட்டு வந்தவர் போலவே இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அவரை விட்டு இரண்டு வருடம் போகவே இல்லை. பழுதுபார்க்காமலேயே அந்த மிடுக்கோடு நடந்துகொண்டிருந்தார்.

முதல் பருவம் முழுக்கப் பாதுகாப்பு. தலையில் ஹெல்மெட், காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து திரையில் படம் பார்த்தார்கள். படத்தில் ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்ட ஒருவர் நாற்காலியில் உட்காருவது எப்படி என்று காட்டினார். ‘ஸ்க்ரூ டிரைவர்: ஓர் அறிமுகம்’ என்ற தலைப்பில் துறைத் தலைவர் ஒரு வாரம் பேசினார். ஸ்க்ரூ டிரைவரைப் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டுங்கள் என்று ஒரு பெண் கேட்டபோது, “அது பிராக்டிகல்மா. நாம இன்னும் தியரி முடிக்கல” என்றார்.

அந்தப் பெண்ணுக்கு மல்டிமீட்டர் என்று பெயர். வோல்டேஜ் அளக்கிற அந்தக் கருவியைச் சொந்தமாக வாங்கி எப்போதும் கைப்பையில் வைத்திருப்பாள். கல்லூரியில் எந்தப் பிளக் பாயின்டைக் கண்டாலும் குத்திப் பார்ப்பாள். பாதிக்கு மேல் செத்துக் கிடக்கிறது என்று ஒருநாள் அறிவித்தாள். அதற்காக அவளைக் கண்டித்தார்கள். பிளக் பாயின்டைக் கண்டிக்க யாரும் முன்வரவில்லை.

இரண்டாம் பருவத்தில்தான் பட்டறையைத் திறந்தார்கள். உள்ளே பெல்ட் இருந்தது.

அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும். ஏதோ ஒரு தொழிற்சாலை கல்லூரிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த சின்ன பாட்டில் லைன் அது. ஒரு கன்வேயர் பெல்ட், அதை இழுக்க ஒரு மூன்று ஃபேஸ் மோட்டார். பெல்ட்டின் மேல் வரிசையாக மூன்று நிலையம்: முதலில் பாட்டிலைக் கழுவுவது, அடுத்து நிரப்புவது, கடைசியில் மூடி போடுவது. வந்து இறங்கிய நாளில் யாரோ அவசரத்தில் மோட்டாருக்குப் போகும் ஒயர்களில் இரண்டை இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரின் குணம் அது: எந்த இரண்டு ஒயரை மாற்றினாலும் எதிர்ப்பக்கம் சுற்றும். திறப்பு விழாவில் முதல்வர் பொத்தானை அழுத்தினார். பெல்ட் பின்னோக்கி ஓடியது.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்திருந்தால் தேநீர் ஆறுவதற்குள் சரியாகியிருக்கும். ஆனால் முதல்வர் கையில் அப்போது இருந்தது மைக். “இது புதுமையான அமைப்பு” என்று மைக்கில் சொல்லிவிட்டார். முதல்வர் மேடையில் சொன்ன பிறகு அது எப்படித் தவறாக இருக்க முடியும்? பெல்ட்டை மாற்றுவதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்கள். ‘நுழைவு’ என்ற பலகையைக் கழற்றி அந்தக் கோடியில் மாட்டினார்கள். சுவரிலிருந்த அம்புக்குறிகளைத் திருப்பி வரைந்தார்கள். பாடப்புத்தகத்தைத் திருத்தி எழுத ஒரு குழு போட்டார்கள். பாட்டில் முதலில் மூடி போடும் இடத்துக்குப் போகும், பிறகு நிரப்பும் இடம், கடைசியில் கழுவும் இடம். எண்ணும் கருவி ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பூஜ்யத்திலிருந்து கீழே இறங்கி மைனஸில் கணக்குச் சொல்லும். உற்பத்தியை மைனஸ் குறியோடு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போய்விடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே கோணலாக்கிவிட்டு எல்லோருக்கும் ஆடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சிக்குத் தண்ணீர் விடுவதில்லை. அதனால் மூடிய பாட்டிலை நிரப்புவதில் உள்ள சின்னச் சிரமம் யாருக்கும் உறைக்கவில்லை.

மல்டிமீட்டருக்கு மட்டும் உறைத்தது. “சார், ரெண்டு ஒயர மாத்திட்டா சரியா ஓடுமே?”

துறைத் தலைவர் நிறுத்தி நிதானமாக மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “முதல்ல கழுவி, அப்புறம் நிரப்பி, அப்புறம் மூடுறது இருக்கே, அது தொழிற்சாலை முறை. நாம சொல்லிக் குடுக்கறது கல்வி முறை. தொழிற்சாலை முறைய தொழிற்சாலைக்குப் போனா அவங்களே கத்துக் குடுப்பாங்க. கல்வி முறைய நம்மள விட்டா யாரும்மா கத்துக் குடுப்பா?”

பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சித்தப்பா குறிப்பெடுத்துக்கொண்டார்.

வகுப்பிலேயே நன்றாகப் படித்தது சித்தப்பாதான் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. மற்றவர்களுக்குப் பாட்டில் எப்படி நிரம்பும் என்று ஏற்கனவே தெரிந்திருந்தது. அதை மறக்க அவர்கள் படாத பாடு பட்டார்கள். சித்தப்பாவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ‘மூடியபின் நிரப்புதலின் நன்மைகள் யாவை?’ என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதினார். தூசி உள்ளே போகாது என்று ஆரம்பித்து, பாட்டில் கனக்காது என்பது வரை அடுக்கியிருந்தார். துறைத் தலைவர் அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். சித்தப்பாவுக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டில் போய் மனைவியிடமும் படித்துக் காட்டினார். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, தண்ணி எப்படிங்க உள்ள போகும்?” என்றாள்.

“அது சிலபஸ்ல இல்ல” என்றார் சித்தப்பா.

கடைசிப் பருவத்தின் கடைசித் தேர்வு, செய்முறை. மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து, மூன்று ஒயரையும் கழற்றி, சுவரில் பெல்ட்டுக்கு ஏற்பத் திருத்தி வரைந்திருந்த வரைபடத்தின்படி திரும்ப மாட்டி, பெல்ட்டை ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் சான்றிதழ். தொழிற்சாலையில் அந்த மெயின்டனன்ஸ் ஆள் மாதக் கடைசியில் ஓய்வுபெறப் போகிறார் என்றும், இதில் கோட்டை விட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் மைத்துனன் இரண்டு முறை போன் செய்து சொல்லிவிட்டான். மனைவி சீருடையைத் துவைத்து, தேய்த்து, நாற்காலியில் போட்டு வைத்திருந்தாள்.

போதாக்குறைக்கு அன்றைக்குத் தர ஆய்வுக் குழு வந்திருந்தது. குழுத் தலைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மெச்ச வேண்டும் என்பதற்காக முதல்வர், வரலாற்றிலேயே முதல்முறையாக, பெல்ட்டுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

முதல் மாணவனின் பாட்டில் மூடி போட்டுக்கொண்டு வந்தது. நிரப்பும் குழாய் கடமை தவறாமல் மூடியின் மேல் தண்ணீரைக் கொட்டியது. கழுவும் நிலையம் தன் பங்குக்குக் கொட்டியது. இரண்டாம் மாணவனுக்கும் அப்படியே. தரையில் தண்ணீர் பெருகி முன்வரிசையை அடைந்தது. குழுத் தலைவி காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டார்.

“இது குளிர்விக்கற ஏற்பாடு மேடம்” என்றார் முதல்வர். குழுத் தலைவி குறித்துக்கொண்டார்.

சித்தப்பாவின் முறை வந்தது. பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்தார். அவருடைய சொந்தக் கண்ணாடியின் மேல் அது உட்காரவில்லை.

“உங்க கண்ணாடிய கழட்டிடுங்க. ஒரு மூக்குக்கு ஒரு கண்ணாடிதான். விதி அப்படித்தான் சொல்லுது” என்றார் துறைத் தலைவர்.

“கழட்டினா கிட்ட இருக்கறது தெரியாது சார்.”

“தெரியலேன்னாலும் பாதுகாப்பா இருப்பீங்க.”

கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பாதுகாப்புக் கண்ணாடி எத்தனையோ தலைமுறை மாணவர்களின் மூக்கைப் பார்த்தது. கீறல் விழுந்து, பழுப்பேறி, அதன் வழியாகப் பார்த்தால் மஞ்சள் ஒயரும் நீல ஒயரும் ஒரே சேற்று நிறமாகத் தெரிந்தன. வாய்விட்டுக் கேட்கலாம். ஆனால் இரண்டு பக்கம் பதில் எழுதிய மாணவன் ‘எது மஞ்சள்?’ என்று ஆய்வுக் குழு முன்னால் கேட்பதாவது! கடவுள் விட்ட வழி என்று மூன்றையும் மாட்டி, ஸ்க்ரூவை முடுக்கி, நுழைவுப் பலகையின் கீழ் ஒரு பாட்டிலை நிறுத்திவைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

பாட்டில் உள்ளே போகவில்லை. வெளியே வந்து, விளிம்பைத் தாண்டி, முதல்வரின் காலடியில் விழுந்து உருண்டது.

சித்தப்பாவுக்கு உயிரே போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டோம் என்று அவர் நிற்கையில், மல்டிமீட்டர் பெல்ட்டின் மறுகோடிக்கு ஓடி, ‘வெளியேற்றம்’ என்று எழுதிய பலகையின் கீழ் ஒரு பாட்டிலை வைத்தாள். அது கழுவப்பட்டது. நிரம்பியது. மூடிக்கொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழவில்லை. எண்ணும் கருவி பிறந்ததிலிருந்து முதல்முறையாக ‘ஒன்று’ என்றது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். யாரோ ஒருவன் விசிலடித்தான். முதல்வர் பாய்ந்து போய் அவசர நிறுத்தப் பொத்தானைத் தட்டினார். அந்தப் பொத்தான் வேலை செய்யும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழுத் தலைவி நிரம்பிய பாட்டிலைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “இது மட்டும் ஏன் இப்படி இருக்கு? மத்த பாட்டிலோட ஒத்துப்போகலையே. தரம்னா என்ன? எல்லாம் ஒரே மாதிரி இருக்கறதுதானே?”

தேர்வு அத்தோடு நின்றது. நாளைக்கு விசாரணை என்று அறிவித்தார்கள்.

வராந்தாவில் பிள்ளைகள் சித்தப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மல்டிமீட்டரின் கண் கலங்கியிருந்தது. “ரெண்டு வருஷமா நாங்க வாய்லதான் பேசிட்டிருந்தோம் சித்தப்பா. நீங்க செஞ்சு காட்டிட்டீங்க. அதுவும் வேலையப் பணயம் வெச்சு!”

குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சித்தப்பா சொல்லவில்லை. அதற்கு மாறாக, “எவ்வளவு நாள்தான் பொறுத்துக்கறது” என்று அவருடைய வாய் சொன்னது. அந்த வாயை அவர் தடுக்கவும் இல்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் கதைக்கு இன்னும் இரண்டு கிளை முளைத்துவிட்டது.

மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள். “தெரிஞ்சே மாத்தினீங்களா?”

“பின்ன?”

“அப்போ உங்க கண்ணாடி எங்க இருந்துச்சு?”

“பாக்கெட்ல.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சித்தப்பா முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடங்கிய பிறகு அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு உண்மையச் சொல்லிடுங்க. கண்ணு தெரியல, தப்பா மாட்டிட்டேன்னு. அதுல என்ன கௌரவக் குறைச்சல்? அந்த வேலை நமக்கு வேணும்ங்க. எனக்கும் முதுகு வலிக்குது.”

முதுகு வலிக்கிறது என்று அவள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் கேட்காமல் இருந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

விசாரணை பட்டறையிலேயே நடந்தது. முதல்வர், துறைத் தலைவர், குழுத் தலைவி மூவரும் மேஜைக்குப் பின்னால், சித்தப்பா முன்னால். பிள்ளைகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவர் தோள்மேல் ஒருவராக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல்வர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “ஒரு கல்லூரின்னா ஒரு திசை இருக்கணும். அது எந்தத் திசைங்கறது முக்கியம் இல்ல. இன்னைக்கு ஒருத்தர் பெல்ட்ட சரியா ஓட்டுவார். நாளைக்கு இன்னொருத்தர் பிளக் பாயின்ட்ட சரி பண்ணுவார். இதுக்கு முடிவு எங்க? எல்லாமே வேலை செய்ய ஆரம்பிச்சுட்டா அப்புறம் எங்களுக்கு என்ன வேலை?”

குழுத் தலைவி ஆமோதித்தார். “கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா? தெரிஞ்சு செஞ்சிருந்தா ஒழுங்கீனம், சான்றிதழ் கிடையாது. தெரியாம செஞ்சிருந்தா சாதாரண மாணவர் தவறு. இன்னொரு வாய்ப்பு உண்டு.”

சித்தப்பா கதவுப் பக்கம் பார்த்தார். மல்டிமீட்டர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு அவருக்கு உண்மையான பதில் தெரிந்திருந்தது.

“தெரியாமத்தான் செஞ்சேன்” என்றார். “கண்ணு தெரியல. மஞ்சளும் நீலமும் மாறிப்போச்சு.”

கதவுக்கு வெளியே ஒரு முனகல் எழுந்து அடங்கியது. மேஜைக்குப் பின்னால் மூவரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

“நான் அப்பவே சொன்னேனே! நம்ம மாணவர் வேணும்னு சரியா செய்யற ஆள் இல்லன்னு” என்றார் துறைத் தலைவர். “இப்பவே மறுதேர்வு வெச்சிடலாம். வாங்க, வரைபடத்துல இருக்கற மாதிரி மாட்டிக் காட்டுங்க.”

சித்தப்பா பாதுகாப்புக் கண்ணாடியை எடுக்கப் போனார்.

“அது எதுக்கு? உங்க சொந்தக் கண்ணாடியவே போட்டுக்கங்க. பாதுகாப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். திசை முக்கியம்.”

தம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டெர்மினல் பெட்டிக்கு முன் குனிந்தார். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சிவப்பு அதன் இடத்தில் இருந்தது. மஞ்சளும் நீலமும், அவர் அறியாமல் மாட்டியபடி, அதனதன் இடத்தில் இருந்தன. எதை எங்கே மாட்டினால் பாட்டில் நிரம்பும், எங்கே மாட்டினால் நிரம்பாது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஒயர் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. மஞ்சளைக் கழற்றினார். நீலத்தைக் கழற்றினார். இடம் மாற்றி மாட்டினார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஒரு தேர்ந்த தொழிலாளியைப் போல அளவாக முடுக்கினார். இரண்டு வருடத்தில் அவர் செய்த முதல் சுத்தமான வேலை அது.

பொத்தானை அழுத்தினார். பாட்டில் மூடிக்கொண்டு வந்தது. குழாய் மூடியின் மேல் தண்ணீரைக் கொட்டியது. எண்ணும் கருவி மைனஸ் ஒன்று என்றது.

“இப்பத்தான்யா நீங்க இன்ஜினியர்!” என்று துறைத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். முதல்வர் அங்கேயே கையெழுத்துப் போட்டு, நனைந்த கையோடு சான்றிதழை நீட்டினார். குழுத் தலைவி காலை மேலே தூக்கிக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்.

வெளியே பிள்ளைகள் கலைந்து போயிருந்தார்கள். மல்டிமீட்டர் மட்டும் சுவரோரம் நின்றிருந்தாள்.

“அன்னைக்குத் தெரியாமத்தான் மாட்டினீங்களா சித்தப்பா?”

“ஆமாம்மா. உங்கிட்ட பொய் சொன்னேன்.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு நல்லாத் தெரிஞ்சுதாம்மா மாட்டினேன். வேலை வேணுமே.”

“பாஸ் போட்டாங்களா?”

“முதல் வகுப்பு” என்றார் சித்தப்பா. சொல்லும்போது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் சான்றிதழின் ஓரம் நனைந்துவிடாமல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.